நொட்டாங்கைச் சுவடு

துப்பாக்கி எதிரியைச் சுடும் என்றுதான் நினைத்திருந்தேன்.
அது முதலில் சுடுவது பக்கத்திலிருப்பதை.

வீனர் நொய்ஷ்டாட் தொழிற்கூடத்துக்கு
அந்த நவம்பரில் ஓர் எஞ்சின் திரும்பி வந்தது.
ஒரு குண்டுகூடப் படவில்லை.
ஆனால் மூன்றாம் சிலிண்டரை ஒட்டித்
தண்ணீர்க் குழாய் பிளந்திருந்தது.
ரப்பர் வளையம் தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது.
மூடுதகட்டின் வண்ணம் எல்லாம் கொப்புளம்.
ஃபோர்மன் பிர்ன்பாக்கர் கரியை விரலில் எடுத்து
முகர்ந்து பார்த்தார்.
"நம்ம மருந்துதான்."

குண்டு போய்விடுகிறது.
பின்னால் வரும் மூச்சு போவதில்லை.
தகட்டுக் கூண்டுக்குள் சிலிண்டர்களோடு
நெருக்கியடித்து நிற்கிறது,
பாதி எரிந்த மருந்தோடு.
நிமிடத்துக்கு நானூறு அறை.
எந்தக் கன்னம் தாங்கும்?

ஒரு குழல் செய்யச் சொன்னார்கள்.
துப்பாக்கி வாயிலிருந்து எஞ்சினின் நெற்றி தாண்டும்வரை
அந்த மூச்சைக் கைபிடித்துக் கூட்டிப்போய்
வெளியே விடவேண்டும், அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்ற பொறியாளர்
ஒருநாளும் தகடு வெட்டியவரில்லை.

முதல் குழல் ஒடுக்கம்; எண்பதாவது குண்டில் தையல் விட்டது.
இரண்டாவது அகலம்; சிலிண்டரில் உரசிச் சிவந்தது.
மூன்றாவது அதிர்ந்து அதிர்ந்து
தன் திருகுகளைத் தானே கழற்றிக்கொண்டது.
நான்காவது வெடித்தபோது
சோதனை மேடையில் நின்ற ஓட்டோகார் வ்லாசாக்குக்கு
இன்றுவரை ஒரு காது கேட்பதில்லை.
எஞ்சினுக்குச் சேதமில்லை என்று
பதிவேட்டில் எழுதிவைத்தார்கள்.

பிப்ரவரியில் இத்தாலிக்காரர்களின் விமானம் ஒன்று
தார்ப்பாய் போர்த்தி ரயிலில் வந்தது.
எல்லோரும் எஞ்சினைச் சுற்றி நின்றார்கள்.
நான் துப்பாக்கியின் முனைக்குப் போனேன்.

தகட்டில் ஒரு வாய்க்கால் எடுத்து
அதில் அதைப் படுக்கவைத்திருந்தார்கள்.
வாய்க்காலின் கடைசி
ஊமத்தம்பூவாக விரிந்திருந்தது.
விரிந்த இடத்தில் சுத்தியல் சுவடுகள்,
மீன்செதிலாக, ஒன்றன்மேல் ஒன்று,
எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து.

இந்தக் கூடத்தில் நாங்கள் அறுபது பேர்.
அப்படிச் சாய்வது என் தட்டு மட்டும்தான்.
பிர்ன்பாக்கர் தகட்டைப் பார்த்தே கத்துவார்:
"ஏய் நொட்டாங்கை, இது உன்னுதுதானே?"

டூரினிலோ மிலானிலோ
ஒருத்தி.
ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்,
ஆண்களைத்தான் மலைக்கு அனுப்பியாயிற்றே.
அவளுக்கும் முதல் மூன்று கிழிந்திருக்கும்.
அவளிடமும் எவனோ அவ்வளவுதான் என்றிருப்பான்.
ஓரிடத்தில் சுத்தியல் தவறித் தகடு நசுங்கியிருக்கிறது.
அதை உள்ளிருந்து மெல்லத் தட்டித் தட்டி
எடுத்திருக்கிறாள்.
யாரும் பார்க்காத இடம்.
நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

கட்டைவிரலால் தடவினேன். கரி ஒட்டியது.
நம்ம மருந்தில்லை.
வாசம் அதேதான்.

அன்றிரவே ஐந்தாவது குழல்.
முனையை ஊமத்தையாக விரித்தேன்.
ஐந்நூறு குண்டு.
தையல் அசையவில்லை,
ரப்பர் வளையம் தொடும்படி இருந்தது.
பிர்ன்பாக்கர் இரண்டு உருளைக்கிழங்கு தந்தார்,
ஒன்று அழுகல்.
"எங்கே பிடித்தாய் இந்த யோசனையை?"
பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்றேன்.

மார்ச் முடிவதற்குள் நாற்பது ஜோடி.
ஒவ்வொன்றிலும், முனைக்கு நாலு விரல் உள்ளே,
வேண்டுமென்றே ஒரு நசுங்கல் வைத்து
மெல்லத் தட்டி எடுத்தேன்.
ஒன்று அந்தப் பக்கம் விழுந்து,
யாராவது அவள் கூடத்துக்குக் கொண்டுபோனால்,
எல்லோரும் எஞ்சினைச் சுற்றி நிற்கும்போது
அவள் முனைக்குத்தான் போவாள்.

விழட்டும் என்று நான் வேண்டவில்லை.
விழக்கூடாது என்றும்
சரியாக வேண்டிக்கொண்டதாக
நினைவில்லை.